நானே செஞ்ச ஃபீட்பேக் லூப் பெடல்: கிட்டாரை நேரா சொருகினா கத்துது, போர்டுல வச்சா கத்தவே மாட்டேங்குது, ஏன்?

ஒத்தக்கம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா மண்டையைப் பிச்சிக்கிட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க யாராவது கொஞ்சம் பாத்து சொல்லுங்க.

சிம்பிளா ஒரு ஃபீட்பேக் லூப் பெடல் செஞ்சேன் (பெடல்னா கிட்டார் சத்தத்தை மாத்துற, காலால அமுக்குற பெட்டி). பேட்டரி கிடையாது, ஐசி கிடையாது, டிரான்சிஸ்டர் கூட கிடையாது. நாலு ஜாக், அதாவது இன்புட், சென்ட், ரிட்டர்ன், அவுட்புட். ஒரு 3பிடிடி ஃபுட்ஸ்விட்ச் (ஒரே அமுக்குல மூணு இணைப்பை மாத்துறது, அடியில கம்பி பத்தவைக்க மூணு வரிசையா 9 லக் இருக்கும்). 100கே (கேன்னா ஆயிரம் ஓம்) பொட்டென்ஷியோமீட்டர் ஒண்ணு, அதாவது நாப்பைத் திருப்பி ரெசிஸ்டன்ஸை மாத்துறது, பி டைப், இனிமே கண்ட்ரோல்னே சொல்றேன். அதோட சீரிஸ்ல ஒரு 10கே ரெசிஸ்டர். அவ்ளோதான் மொத்த சாமானும். கிட்டார் சிக்னல் சென்ட் வழியா மத்த பெடலுக்குள்ள போகுது, அங்க சுத்திட்டு ரிட்டர்ன்ல வருது, வந்ததுல இருந்து கொஞ்சத்தை கண்ட்ரோல் வழியா மறுபடி சென்ட்டுக்கே அனுப்புறோம், போனதே திரும்பத் திரும்ப போய் பெருசாகி தானா கத்த ஆரம்பிக்கும், இதான் ஐடியா.

மேசை மேல வச்சு முதல்ல டெஸ்ட் பண்ணேன். கிட்டார் நேரா இன்புட்ல, லூப்புக்குள்ள எக்கோ குடுக்கிற ஒரு டிலே, அதுக்கு அப்புறம் நான் முன்னாடி செஞ்சு வச்சிருந்த ஒரு டிரைவ் பெடல் (சத்தத்தைப் பெருக்கிக் கரகரப்பாக்குறது; அவுட்புட்ல வெறும் 100கே வால்யூம் கண்ட்ரோல்தான், வேற எதுவும் இல்ல). நாப்பை முக்கால்வாசி திருப்பினதும் ஒரு ஊளை வந்துச்சு பாருங்க, டிலே டைமை அசைச்சா அது வளைஞ்சு வளைஞ்சு மேல ஏறுது, டிரைவோட டோனைத் திருப்பினா வேற சுருதிக்குத் தாவுது. ரெண்டு மணி நேரம் நேரம் போனதே தெரியல.

அப்புறம் பெடல்போர்டுல எடுத்து வச்சேன். கிட்டார், ட்யூனர், ஃபீட்பேக் லூப், ஆம்ப், இதான் ஆர்டர். லூப்புக்குள்ள அதே டிலே, அதே டிரைவ். இப்ப நாப்பை முழுசா திருப்பினாலும் கத்தல. கத்தாதது கூட பரவால்ல, திருப்பத் திருப்ப டிரைவ் சத்தம் குறைஞ்சுகிட்டே போயி கிட்டாரோட க்ளீன் சத்தம் மேல வருது!! ஃபீட்பேக் நாப்பைத் திருப்பினா க்ளீன் ஏன் வரணும்?

எல்லா பத்தவைப்பும் ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன், மல்டிமீட்டர் வச்சு ஸ்விட்சோட 9 லக்கும் பாத்தாச்சு, எல்லாம் சரியாதான் இருக்கு. இன்னொரு விஷயம், மேசைல வாசிக்கும்போது கிட்டார் வால்யூமை ஜீரோ பண்ணா ஊளை டக்குனு நின்னுடுது. லூப் தனியாதானே சுத்துது, கிட்டார் வால்யூமுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் ஏதாச்சும் ஃபால்ட்டா?

புதுமீட்டு:

ப்ரோ லூப்பர்னா வாசிச்சதை ரெக்கார்ட் பண்ணி திரும்பத் திரும்ப ப்ளே பண்ணுமே அதுதானே? அதுக்கு மெமரி சிப் எல்லாம் வேணுமே, வெறும் ஒரு கண்ட்ரோலை வச்சு எப்படி பண்ணீங்க?

ஈயப்புகை:

@புதுமீட்டு அது வேற தம்பி. நீங்க சொல்றது ஃப்ரேஸ் லூப்பர், ஆடியோவை மெமரில சேத்து வச்சு ஓட்டுறது. இது எதையும் சேத்து வைக்காது, வெளிய வந்த சிக்னலை அந்த நிமிஷமே மறுபடி உள்ள தள்ளுற ஒரு கம்பி, அவ்ளோதான். மைக்கை ஸ்பீக்கர்கிட்ட கொண்டு போனா கீச்சுனு கத்துமே, அதே கதையை காத்து வழியா விடாம கம்பி வழியா நடத்துறது.

@ஒத்தக்கம்பி தம்பி, உங்க பத்தவைப்புல தப்பே இல்ல, இனிமே அதை நோண்டாதீங்க. நீங்க சொன்ன மூணு விஷயம், போர்டுல கத்தாதது, க்ளீன் மேல வர்றது, கிட்டார் வால்யூம் ஜீரோல ஊளை நிக்கிறது, மூணுக்கும் காரணம் ஒண்ணே ஒண்ணுதான். முதல்ல ஒரு வேலை பண்ணுங்க, ட்யூனரைக் கழட்டிட்டு கிட்டாரை நேரா லூப்புக்குள்ள சொருகிப் பாருங்க. கண்டிப்பா கத்தும்.

ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

உங்க ட்யூனர் பெடல்ல பஃபர் இருக்கு, அது ஆஃப்ல இருந்தாலும் சிக்னல் அந்த பஃபர் வழியாதான் வெளிய வரும். பஃபரோட வேலையே என்ன, தன்னோட அவுட்புட்டை யாரு எப்படி இழுத்தாலும் அசையாம பிடிச்சுக்கிறது. அதோட அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது சிக்னல் வெளிய வர்ற வழில இருக்கிற எதிர்ப்பு, 1கேன்னு வச்சுக்குவோம், நெறைய பெடலுக்கு அந்த அளவுதான் வரும். இப்ப உங்க சென்ட் ஜாக்கோட டிப்பை, அதாவது சிக்னல் கம்பி சேர்ற முனையை, பாருங்க. அந்த ஒரே புள்ளியில ரெண்டு பேர் வந்து சேர்றாங்க. ஒரு பக்கம் ட்யூனர் 1கே வழியா, இன்னொரு பக்கம் ரிட்டர்ன்ல இருந்து வர்ற சிக்னல் உங்க 10கே வழியா, அதுவும் நாப் முழுசா திருப்பினப்பதான் 10கே, இல்லன்னா அதுக்கும் மேல. கயிறு இழுக்கிற போட்டி மாதிரிதான், எந்தப் பக்கம் ரெசிஸ்டன்ஸ் கம்மியோ அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

இதுல உங்க டிரைவும் சேருது. அவுட்புட்ல வெறும் 100கே வால்யூம் கண்ட்ரோல்னு சொன்னீங்க, அது நடுவுல இருந்தா அதோட அவுட்புட் இம்பீடன்ஸ் 25கே வரைக்கும் போகும். ஆக டிரைவ்ல இருந்து கிளம்புற சிக்னல் 25கே, அப்புறம் 10கே, ரெண்டையும் தாண்டி வந்து பஃபரோட 1கே மேல விழுது. மொத்தம் 36கேல 1கே. அதாவது 36ல ஒரு பங்குதான் சென்ட்டுக்குத் திரும்ப வந்து சேருது. உங்க லூப்புக்குள்ள இருக்கிற பெடலெல்லாம் சேந்து 10 மடங்கு கெயின் குடுத்தாலும், 10ஐ 36ஆல வகுத்தா 0.28தான். ஒரு சுத்து சுத்தி வரும்போது ஒண்ணுக்கு மேல இருந்தாதான் கத்தும், அதுக்குக் கீழ இருந்தா ஒவ்வொரு சுத்துலயும் தேய்ஞ்சு அடங்கிடும்.

அப்ப மேசைல ஏன் கத்துச்சு? அங்க பஃபர் இல்ல, கிட்டார் பிக்கப், அதாவது கம்பி அதிர்வை சிக்னலா மாத்துற காந்தச் சுருள், நேரா வந்து நிக்குது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்போட இன்டக்டன்ஸ் சுமாரா 4 ஹென்ரின்னு வச்சா 1 கிலோஹெர்ட்ஸ்ல அதோட இம்பீடன்ஸ் 25கேக்குப் பக்கம் வரும். அதுக்குப் பயந்து ஃபீட்பேக் செத்துப் போகாது, ஏறக்குறைய பாதி சென்ட்டுல நிக்கும். 10 மடங்கு கெயின்ல பாதின்னா 5. ஒண்ணுக்கு மேல நல்லாவே இருக்கு, அதான் ஊளை.

கிட்டார் வால்யூம் ஜீரோல நிக்கிறது இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும். கிட்டார் வால்யூமை ஜீரோ பண்றதுன்னா என்ன, அந்த ஹாட் கம்பியை (சிக்னல் வர்ற கம்பி) கிரவுண்டோட சேக்குறோம். அந்தக் கம்பிதான் உங்க சென்ட் டிப். சென்ட்டே கிரவுண்ட் ஆயிட்டா பெடலுக்குள்ள எதுவும் போகாது, லூப் செத்துடும். ஃபால்ட் கிடையாது.

இப்ப க்ளீன் விஷயம். இதைத்தான் முதல் தடவை செய்யிறவங்க முக்கால்வாசிப் பேரு கவனிக்க மாட்டாங்க. நாம சர்க்யூட் வரையும்போது ஃபீட்பேக் கம்பில ரிட்டர்ன்ல இருந்து சென்ட்டுக்கு ஒரு அம்புக்குறி போட்டுடுறோம், மனசுலயும் சிக்னல் அந்தப் பக்கம் மட்டும்தான் போகுதுன்னு பதிஞ்சிடுது. ரெசிஸ்டருக்கு அம்புக்குறி எல்லாம் தெரியாது தம்பி, அது ரெண்டு பக்கமும் விடும். ட்யூனர் பஃபர் 1கேல கெட்டியா நிக்குது, டிரைவ் 25கேல தொளதொளன்னு இருக்கு, அப்ப கிட்டார் க்ளீன் சிக்னல் அதே கண்ட்ரோல் வழியா தலைகீழா ஓடி நேரா அவுட்புட்டுக்குப் போயிடுது. கணக்குப் போட்டா நாப் முழுசா திருப்பின நிலைல அவுட்புட் ஜாக்ல க்ளீன்ல மூணுல ரெண்டு பங்கும், டிரைவ்ல மூணுல ஒரு பங்கும் இருக்கும். நீங்க காதால கேட்டது அப்படியே இதான்.

சரி பண்ண வழி: இன்புட் ஜாக்குல இருந்து வர்ற ஒயர் ஸ்விட்ச்சைத் தாண்டி சென்ட் டிப்புக்கு வர்ற இடத்துல ஒரு 47கே ரெசிஸ்டரை சீரிஸ்ல போடுங்க. அது கண்ட்ரோல் வந்து சேர்ற புள்ளிக்கு முன்னாடியே இருக்கணும், அதைத் தாண்டிப் போட்டா பிரயோஜனம் இல்ல. அப்ப பஃபர் பக்கம் 48கே ஆயிடும். திரும்ப கணக்குப் போடுங்க, 48கே, 10கே, 25கே மொத்தம் 83. ஃபீட்பேக் 83ல 48 பங்கு, பாதிக்கும் மேல. கத்தும். க்ளீன் கசியிறதும் 83ல 25ஆ குறைஞ்சிடும், டிரைவ் 70 சதவீதத்துக்கு ஏறிடும், நிலைமை அப்படியே தலைகீழ். கிட்டார் சிக்னல் உள்ள போறது குறையும்தான், ஆனா உள்ள டிரைவ் இருக்கிறதால அது பெருசா தெரியாது.

சுருள்கேபிள்:

ஈயப்புகை அண்ணன் சொன்னதுல மறுபேச்சே இல்ல, ஒண்ணு மட்டும் சேக்குறேன். கெயின் ஒண்ணுக்கு மேல இருந்தா மட்டும் போதாது, சுத்தி வந்த சிக்னல் போன சிக்னலோட ஒரே ஃபேஸ்ல, அதாவது ரெண்டு அலையோட ஏத்த இறக்கமும் பொருந்துற மாதிரி, வந்து சேரணும். பார்க்ஹவுசன்னு ஒரு ஜெர்மன் இயற்பியலாளர் இருந்தார், அவர் பேர்லதான் இந்த ரெண்டு நிபந்தனையையும் சொல்லுவாங்க: லூப் கெயின் குறைஞ்சது ஒண்ணு, மொத்த ஃபேஸ் சுத்து 0 இல்ல 360 டிகிரி.

பெடல் உலகத்துல இதுக்கு என்ன அர்த்தம்னா, சில பெடல் சிக்னலைத் தலைகீழா திருப்பித்தான் வெளிய விடும், சிலது திருப்பாது. ஒரே டிரான்சிஸ்டர் வச்ச பூஸ்டர், உதாரணத்துக்கு எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் எல்பிபி-1 டைப், அது திருப்பும். ஃபஸ் ஃபேஸ், பிக் மஃப், டியூப் ஸ்க்ரீமர்னு பேர் போன கரகரப்புப் பெடல் இருக்கு. ஃபஸ் ஃபேஸ் பெடல்ல ரெண்டு டிரான்சிஸ்டர், ரெண்டு தடவை திருப்பி நேராயிடும். பிக் மஃப்ல நாலு ஸ்டேஜ், அதுவும் நேராதான் வரும். டியூப் ஸ்க்ரீமர்லயும் ஃபேஸ் மாறாது. ஆக லூப்புக்குள்ள ஒரு டிரான்சிஸ்டர் பூஸ்டர் மட்டும் தனியா போட்டீங்கன்னா ஃபீட்பேக் நெகட்டிவ் ஆயிடும், நாப்பைத் திருப்பத் திருப்ப சத்தம் குறையும், க்ளீனாவும் ஆகும். 1927ல பெல் லேப்ஸ்ல ஹரால்ட் பிளாக் டெலிபோன் ஆம்ப்ளிஃபையர்ல டிஸ்டார்ஷனைக் குறைக்க யோசிச்சது இதே விஷயத்தைத்தான். அவருக்கு அது வரம், ஊளை வேணும்னு உக்காந்திருக்கிற நமக்கு அது சாபம். அப்படி மாட்டினா இன்னொரு திருப்புற பெடலை லூப்புக்குள்ள சேத்துடுங்க, தலைகீழோட தலைகீழ் நேராயிடும்.

ஃபேஸ் தெரிஞ்சா எந்த சுருதில கத்துதுன்னும் புரிஞ்சிடும். எந்த ஃப்ரீக்வென்ஸில ஃபேஸ் சரியா வந்து சேருதோ, அதுலயும் எது மத்ததை விட பலமா இருக்கோ, அதுதான் ஜெயிச்சு கத்தும். டோன் நாப்பைத் திருப்பினா சுருதி தாவுதுன்னு சொன்னீங்களே, அது இதனாலதான். டிஜிட்டல் மல்டி எஃபெக்ட்ஸை லூப்ல போட்டுப் பாருங்க, உள்ள போய் வெளிய வர 3 மில்லிசெகண்ட் ஆகுதுன்னா கத்தக்கூடிய சுருதிகள் 333 ஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு படிக்கட்டு மாதிரி நிக்கும், நாப்பைத் திருப்பினா வழுக்காம படிப்படியா தாவும். ஃபேசர் (ஃபேஸை அசைச்சுக்கிட்டே இருக்கிற பெடல்) போட்டீங்கன்னா அது அசையிற வேகத்துக்கு ஊளையும் கூடவே ஏறி இறங்கும், லூப்புக்குள்ள போடுறதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபேசர்தான்.

அப்புறம் வெறும் டிலேயும் ரிவெர்பும் மட்டும் போட்டுட்டு கத்தலன்னு சொல்லாதீங்க யாரும். அதுங்களுக்கு கெயின் ஏறக்குறைய ஒண்ணு, கண்ட்ரோல்லயே பாதி போயிடும். பேட்டரி இல்லாத இந்த டைப் லூப்புக்கு உள்ள ஒரு பூஸ்டோ டிரைவோ இருந்தே ஆகணும்.

பேஸ்காரி:

நான் இதையே பேஸ் கிட்டாருக்கு ஒரு வருஷமா யூஸ் பண்றேன், ரெண்டு விஷயம் அடிபட்டுக் கத்துக்கிட்டது சொல்றேன்.

ஒண்ணு, பைபாஸ் பண்ணதும், அதாவது ஸ்விட்ச்சை அமுக்கி லூப்பை வழியில இருந்து விலக்கினதும், ஊளை நிக்கிற மாதிரிதான் தெரியும் ஆனா நிக்காது. ஸ்விட்ச் இன்புட்டையும் அவுட்புட்டையும் மட்டும்தான் கழட்டுது, சென்ட்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவுல உங்க கண்ட்ரோல் அப்படியே இருக்கு, உள்ள பெடல் எல்லாம் தனியா கத்திக்கிட்டே இருக்கும். நான் ஒரு தடவை மெதுவா ஒரு பகுதி வாசிச்சிட்டு இருக்கேன், எங்கயோ கொசு பறக்குற மாதிரி ஒரு ஙொய்ங் சத்தம், கேபிளை மாத்தினேன், பவர் சப்ளையை மாத்தினேன், கடைசில பாத்தா பைபாஸ்ல இருந்த லூப்தான் ஸ்விட்ச்சோட லக்குக்கு நடுவுல கசிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. உங்களுக்கு எல்இடி இல்லாததால 3பிடிடில மூணாவது வரிசை சும்மாதானே இருக்கு, அதோட நடு லக்குல சென்ட் டிப்பைப் பத்தவைங்க, பைபாஸ் பக்க லக்கை கிரவுண்ட் பண்ணுங்க. பைபாஸ் பண்ணா சென்ட் கிரவுண்ட் ஆகி உள்ளயும் அமைதி ஆயிடும்.

எல்இடி வேணும்னா 9 வோல்ட்டும் ஒரு 4.7கே ரெசிஸ்டரும் போதும், ஆனா அந்த மூணாவது வரிசை அதுக்குப் போயிடும். அப்ப கண்ட்ரோலோட சீரிஸ்ல ஒரு மொமென்ட்டரி ஸ்விட்ச் போட்டுக்கங்க, காலால அமுக்கிட்டு இருக்கிற வரைக்கும் மட்டும் லூப் மூடும், எடுத்தா திறந்துடும். வாசிக்கிறதுக்கே அதுதான் சுகம், ஒரு நோட்டோட கடைசில மட்டும் அமுக்கி ஊளைக்குள்ள கொண்டு போயிட்டு விட்டுடலாம்.

ரெண்டாவது, காது. தயவுசெஞ்சு ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு இதை டெஸ்ட் பண்ணாதீங்க. ஊளைக்கு நீங்க எவ்ளோ மெதுவா மீட்டினீங்கன்னு எல்லாம் கணக்கு கிடையாது, லூப்புக்குள்ள இருக்கிற பெடல் தாங்குற உச்சம் வரைக்கும் போய்த்தான் நிக்கும், அதுவும் நேரம் குடுக்காம ஒரே தாவல்ல. 85 டெசிபெல்ல 8 மணி நேரம் வரைக்கும் இருக்கலாம்னு சொல்ற அமெரிக்காவோட நையாஷ் (வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) கணக்குல 3 டெசிபெல் ஏறுனா நேரம் பாதியாகும், 100 டெசிபெல்ல வெறும் 15 நிமிஷம்தான். ஆம்ப் வால்யூமை முதல்ல கீழ வச்சு, லூப்பை ஆன் பண்ணி, அதுக்கு அப்புறம் ஏத்துங்க. ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) இருக்கிற ஸ்பீக்கர்ல, அதாவது ஸ்டூடியோ மானிட்டர், பிஏ (மேடை ஸ்பீக்கர்), இதுல எல்லாம் இன்னும் ஜாக்கிரதை, காதுக்கே கேக்காத உயரத்துல கத்திட்டு இருந்தா ட்வீட்டர் சூடாகிப் போயிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஒத்தக்கம்பி:

அண்ணா!! ட்யூனரைக் கழட்டினேன், அதே நொடி கத்திடுச்சு. ஒரு வாரமா ஜாக்கையும் ஸ்விட்ச்சையும் கழட்டிக் கழட்டி மாட்டினேன், தப்பு பெட்டிக்கு வெளிய இருக்கும்னு தோணவே இல்ல. ரொம்ப நன்றிண்ணா.

அப்புறம் 47கே போட்டேன், ட்யூனரையும் திரும்ப வச்சேன். நல்லா கத்துது, க்ளீன் கசிவும் நீங்க சொன்ன மாதிரியே குறைஞ்சிடுச்சு. பேஸ்காரி அக்கா சொன்ன மூணாவது வரிசை கிரவுண்டும் பண்ணிட்டேன், பைபாஸ்ல இப்ப சுத்தமா அமைதி, முன்னாடி அந்த ஙொய்ங் எனக்கும் இருந்திருக்கு, ஆம்ப் சத்தம்னு நெனச்சு விட்டுட்டேன்.

ஆனா ஒரு சின்ன வருத்தம். மேசைல நேரா சொருகினப்ப கிட்டார் வால்யூமை ஜீரோ பண்ணா நிக்கும்ல, அது ஃபால்ட்னு கேட்டேன், ஆனா யோசிச்சுப் பாத்தா அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. சுண்டு விரலால வால்யூமை லேசா உருட்டினா ஊளை நடுங்கும், சுருதியும் மாறும், விட்டு விட்டு வெட்டலாம். இப்ப 47கே போட்டதுல இருந்து கிட்டாரை நேரா சொருகி வால்யூமை ஜீரோ பண்ணாலும் கத்திக்கிட்டே இருக்கு. ரெண்டும் வேணும்னா வழி இருக்கா? இன்னொண்ணு, நாப்புல கடைசி கொஞ்ச இடத்துலதான் எல்லாமே நடக்குது, முக்கால்வாசி வரைக்கும் ஒண்ணுமே இல்ல, அப்புறம் திடீர்னு காட்டுக்கத்தல்.

ஈயப்புகை:

வால்யூம் ஜீரோ பண்ணாலும் இப்ப சென்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 47கே நிக்குதுல்ல, அதான் சாகல. வழி ரொம்ப சிம்பிள், அந்த 47கேக்கு ரெண்டு முனையிலயும் குறுக்க ஒரு சின்ன டாகிள் ஸ்விட்ச் போட்டுடுங்க, ஆன் பண்ணா ரெசிஸ்டர் ஷார்ட் ஆகி பழைய மாதிரி ஆயிடும். பஃபருக்குப் பின்னாடி வைக்கும்போது டாகிள் ஆஃப், கிட்டார் நேரா வரும்போது ஆன். நீங்க ரசிச்சது சும்மா இல்ல, கிட்டார் நேரா வரும்போது உங்க பிக்கப்பே அந்த ஆஸிலேட்டர்ல (தானா கத்துற சர்க்யூட்) ஒரு பார்ட். பிக்கப்போட இன்டக்டன்ஸும் கேபிளோட கெபாசிட்டன்ஸும் சேந்து 2ல இருந்து 5 கிலோஹெர்ட்ஸுக்குள்ள எங்கயோ ஒரு ரெசொனன்ஸ், அதாவது தூக்கலா ஒலிக்கிற ஒரு இடம், வச்சிருக்கும், வால்யூமைத் தொட்டாலோ பிக்கப் செலக்டரை மாத்தினாலோ அது மாறும், கூடவே ஊளையும். கேபிளை நீளமா மாத்திப் பாருங்க, அதுக்கே சுருதி கொஞ்சம் இறங்கலாம். இதுக்காகவே நான் என் லூப்பை எப்பவும் கிட்டாருக்கு அடுத்து முதல்லதான் வைப்பேன், ட்யூனர் எல்லாம் அப்புறம்.

நாப் விஷயம். உங்களது பி டைப், நேர்கோடா மாறும், நமக்கு வேண்டிய விளையாட்டு எல்லாம் ரெசிஸ்டன்ஸ் கம்மியா இருக்கிற கடைசி கொஞ்சத்துல சுருங்கி நிக்குது. சி டைப் 100கே, அதாவது ரிவர்ஸ் லாக், கிடைச்சா 2வது 3வது லக்ல பத்தவைங்க. பாதி திருப்பும்போதே ரெசிஸ்டன்ஸ் 10, 15 சதவீதத்துக்கு இறங்கிடும், மீதிப் பாதி முழுக்க அந்த முக்கியமான இடம் விரிஞ்சு கிடைக்கும். சி கிடைக்கலன்னா சாதாரண ஏ டைப்பை 1வது 2வது லக்ல போடுங்க, அதே விரிவு கிடைக்கும், ஆனா திருப்புற திசை மட்டும் மாறிடும், இடது பக்கம் திருப்பினா ஃபீட்பேக் கூடும். கையில இருக்கிற பியையே வச்சுக்கணும்னா 100கேவை 25கேவா மாத்துங்க, அதுவே பாதி குறை தீந்துடும்.

ஊளை ரொம்ப கீச்சுனு இருந்தா அந்த 10கேவை ரெண்டு 4.7கேவா உடைச்சு, நடுவுல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 நானோஃபாரட் கெபாசிட்டர் போட்டுப் பாருங்க. நாப்பை முழுசா திருப்பினா கிட்டாரோட ட்ரெபிளும் குறையும்தான், ஆனா ஃபீட்பேக்ல இருக்கிற கீச்சு அடங்கும், ஊளை கீழ இறங்கி செல்லோ மாதிரி ஒரு கனம் வரும். 22, 47 நானோன்னு மாத்தி மாத்திப் பாருங்க, இங்க கணக்கை விட காதுதான் முடிவு பண்ணணும்.

சுருள்கேபிள்:

டிலே வச்சிருக்கீங்கல்ல, அதுக்கு இதையும் பண்ணிப் பாருங்க. டிலேயோட சொந்த ரிப்பீட் நாப்பை சுத்தமா குறைச்சிட்டு, டைமை 400 மில்லிசெகண்ட்ல வச்சு, மிக்ஸை முழுசா எக்கோ பக்கம் தள்ளிடுங்க. அப்புறம் லூப் நாப்பை ஒண்ணைத் தாண்டியும் தாண்டாமலும் கொண்டு வாங்க. ஒரு சுத்துக்கு 1.2 மடங்குன்னா 4 சுத்துல ரெண்டு மடங்காகும், அதாவது 1.6 செகண்டுக்கு ஒரு தடவை இரட்டிக்கும். ஒரே ஒரு நோட்டைத் தட்டிட்டு கையை எடுத்துடுங்க, அலை மாதிரி எழும்பி வர்றதும், ஒவ்வொரு எக்கோவும் டிரைவுக்குள்ள போயி முன்னத விடக் கொஞ்சம் கரகரப்பா திரும்புறதும் தனித்தனியா கேக்கும். உச்சத்துக்கு வந்ததும் நாப்பை ஒரு மயிரிழை பின்னாடி இழுத்தா அதே வேகத்துல மெல்ல இறங்கும். டிலேயோட சொந்த ரிப்பீட்ல இது வராது, ஏன்னா அங்க சுத்துறது டிலே மட்டும்தான், இங்க கூடவே டிரைவும் சுத்துது.

கிட்டாரே இல்லாம இதையே ஒரு இசையா வாசிக்கிறவங்க இருக்காங்க. ஜப்பான்ல டோஷிமாரு நகமுரா மிக்ஸரோட அவுட்புட்டை அதோட இன்புட்டுக்கே குடுத்து, வெளியில இருந்து ஒரு சிக்னல் கூட இல்லாம கச்சேரியே பண்றவர். நீங்க செஞ்சது அதே குடும்பத்துலதான் வருது.

ஒத்தக்கம்பி:

டாகிள் போட்டாச்சு, பெட்டில எல்லாம் அடங்கிடுச்சு, 1590பி சைஸ் பெட்டிக்குள்ள நாலு ஜாக்குக்கு மேல டாகிளையும் நுழைக்க ஒரு ஜாக்கை பக்கவாட்டுல மாத்தி ஓட்டை போட வேண்டியதாச்சு. செய்யப் போறவங்க முதல்லயே அகலமான 1590பிபி எடுத்துக்கங்க.

சி டைப் கிடைக்கல, ஏ டைப்பை 1-2ல போட்டேன். திசை மாறினது ரெண்டு நிமிஷத்துல கைக்குப் பழகிடுச்சு, இப்ப நாப்புல பாதிக்கு மேல விளையாட இடம் இருக்கு. அந்த 10 நானோ கெபாசிட்டருக்குத்தான் பெரிய நன்றி சொல்லணும், ஊளை முன்னாடி விசில் மாதிரி இருந்தது, இப்ப வயித்துல இருந்து வர்ற மாதிரி இருக்கு. நேத்து ராத்திரி 400 மில்லிசெகண்ட் வச்சு ஆறாவது கம்பியை ஒரே ஒரு தடவை தட்டிட்டு அப்படியே விட்டுட்டேன், நாலஞ்சு சுத்துக்கு அப்புறம் அது இ நோட்டாவே இல்ல, வேற எங்கயோ ஒரு சுருதியில போய் உக்காந்துடுச்சு. வால்யூம் நாப்பை லேசா அசைச்சேன், கூடவே வளைஞ்சு வந்துச்சு.

@பேஸ்காரி அக்கா, அந்த மொமென்ட்டரி ஸ்விட்ச் கண்ட்ரோலோட எந்தப் பக்கம் போட்டீங்க? சென்ட் பக்கமா ரிட்டர்ன் பக்கமா? அமுக்கும்போது டப்புனு சத்தம் வருமா?

பேஸ்காரி:

சீரிஸ்தானே, எந்தப் பக்கம் போட்டாலும் வேலை செய்யும். நான் ரிட்டர்ன் பக்கம் போட்டிருக்கேன், அப்ப திறந்திருக்கும்போது கண்ட்ரோலோட நீளமான ஒயர் ரிட்டர்ன் சிக்னலைத் தூக்கிட்டு சென்ட் பக்கம் சுத்தாது, கசிவு இன்னும் கொஞ்சம் கம்மி. டப்பு வந்தா லூப்புக்குள்ள எதோ ஒரு பெடல் டிசி (மாறாம நிக்கிற வோல்டேஜ்) விடுதுன்னு அர்த்தம், சென்ட் டிப்புல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 மெகா ரெசிஸ்டர், ரிட்டர்ன் டிப்புல இருந்து கிரவுண்டுக்கு இன்னொண்ணு, போட்டீங்கன்னா எனக்கு அதுலயே நின்னுடுச்சு. அதுக்கும் அடங்கலன்னா கண்ட்ரோலோட சீரிஸ்ல ஒரு 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்க, ஸ்விட்ச்சுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவுல.